இத்தா அறையும் சாவி டிஸ்க்கும்

அக்குறணையில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் மழை பிடித்துக்கொண்டது. குடை கம்பளையில், என் வீட்டுக் கதவுக்குப் பின்னால் சுகமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. கைப்பையைச் சட்டைக்குள் திணித்துக்கொண்டு ஓடினேன். நான் நனைந்தால் காய்ந்துவிடுவேன், பிளொப்பி டிஸ்க் நனைந்தால் அதோடு சரி.

ஆமாம், பிளொப்பி டிஸ்க்தான். இந்தக் காலத்திலுமா என்று சிரியுங்கள், பரவாயில்லை. என் மனைவி சஞ்சீவனி சிரித்துச் சிரித்து அலுத்தே போய்விட்டாள். ஆனால் கண்டியைச் சுற்றி அச்சகங்களிலும் தையல் கூடங்களிலும் பிளொப்பி போடாமல் எழும்ப மாட்டேன் என்று அடம்பிடிக்கும் கிழட்டு மெசின்கள் இன்னும் இருக்கின்றன. அவற்றுக்கு இந்த யோகராஜை விட்டால் வேறு ஆள் இல்லை.

என்னை வரச்சொன்ன வீடு கடைத்தெருவுக்குப் பின்னால், பிங்கா ஓயா ஆற்றுப் பக்கம் பள்ளத்தில் இருந்தது. சுவரில் இடுப்பளவுக்குப் பழைய வெள்ளத்தின் கறை. கதவைத் திறந்தவர் மஸீனா. தொலைபேசியில் என்னைக் கூப்பிட்டவரும் அவர்தான்.

"கொஞ்சம் சத்தமாக் கதைச்சிட்டு வாங்க அண்ண. தங்கச்சி இத்தால ஈக்கிறா."

எனக்குப் புரிந்தது. கம்பளையில் முஸ்லிம் கடைகளுக்கு நடுவே வளர்ந்தவன் நான். கணவன் இறந்தால் மனைவி நாலு மாசமும் பத்து நாளும் வீட்டுக்குள்ளேயே இருப்பாள். வெளி ஆண்கள் கண்ணில் பட மாட்டாள். நாமும் அந்தப் பக்கம் பார்க்கக் கூடாது. "யோகராஜ் வந்திருக்கேன்!" என்று ஏலக்காரன் மாதிரிக் கத்திவிட்டுச் செருப்பைக் கழற்றினேன்.

வேலைக்கூடத்தில் பூத்தையல் மெசின் ஒரு கட்டில் அளவுக்கு நீண்டு கிடந்தது. பக்கத்தில் ஒரு பழைய கொம்பியூட்டர், அதன் முன்னால் ஒரு கதிரை. கலியாணச் சாரிகளுக்கும் கவுன்களுக்கும் பூ வேலை செய்துவந்த ஃபாஸில் அந்தக் கதிரையில் உட்கார்ந்தபடியே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தாராம். கூடத்தை ஒட்டி ஓர் அறை. வாசலில் தடித்த பச்சைத் திரை. அதற்குப் பின்னால் அவருடைய மனைவி ஷஹ்மா.

எங்கும் ஈர வாடை. அதோடு மெசின் எண்ணெய். அதற்கும் அடியில், மெல்லிசாகக் கற்பூரம்.

"அண்ண, மெசின் ஓடுமா?" திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. சின்னப் பிள்ளையின் குரல் போல இருந்தது.

"பார்த்துட்டுத்தான் சொல்லணும் தங்கச்சி."

"ஓடியாகணும். இல்லாட்டி இத வித்துப்போட்டு என்ன கலகெதரைக்குக் கூட்டிட்டுப் போகப்போறாங்க நானாமார். மதினிட குசினில ஒரு மூலைல நான் கிடக்க மாட்டன். இந்த வேல எனக்குத் தெரியும். அவர்தான் மெசினத் தொட உடமாட்டார்."

மஸீனா சங்கடப்பட்டுக்கொண்டு, "மவுத்தானவங்கள ஏசாதேடி," என்றார்.

"ஏசல்ல தாத்தா. நடந்ததச் செல்றன்."

எனக்கு அந்தப் பிள்ளையை அப்போதே பிடித்துப்போயிற்று. அக்காவைத் தாத்தா என்றும் அண்ணன்களை நானாமார் என்றும் சொல்லிக்கொண்டு, அழாமல், சண்டைக்கு நிற்கிறாள். எப்படியாவது இதை எழுப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்று மனதில் நினைத்துக்கொண்டேன்.

கண்டிக் குளிருக்கு டிஸ்க்குகளில் பூஞ்சணம் பிடிக்கும். அப்படியே டிரைவில் போட்டால் அதைப் படிக்கும் முனையும் நாசம். டிரைவைக் கழற்றித் துடைத்தேன். மென்பொருள் டிஸ்க்குகளை ஒவ்வொன்றாகத் துடைத்து, புதிதாக ஏற்ற ஆரம்பித்தேன். கிர்ர்ர்... கிர்ர்ர்... அடுத்த டிஸ்க்கைக் கேட்கும், கொடுப்பேன். நடுவில் ஒன்று படிக்க முடியாமல் திணறியது. அதைக் கெட்ட வார்த்தையில் திட்டி, திரை ஞாபகம் வந்து நாக்கைக் கடித்துக்கொண்டு, என் பையிலிருந்த நல்ல பிரதியைப் போட்டேன். கடைசியில் எல்லாம் ஏறி முடிந்தது.

அப்புறம்தான் அது சாவி டிஸ்க்கைக் கேட்டது.

அந்தக் காலத்தில் திருட்டுப் பிரதியைத் தடுக்கச் செய்த ஏற்பாடு அது. அந்த ஒரு டிஸ்க் டிரைவில் இருந்தால்தான் புரோகிராம் திறக்கும். ஓடும்போதும் அடிக்கடி தடவிப் பார்த்துக்கொள்ளும். இல்லாவிட்டால் எல்லாம் நின்றுவிடும்.

"அது அவர்ட சேட்டுப் பொக்கட்டில ஈக்கும் எப்பவும்," என்றாள் ஷஹ்மா. "மவுத்தான நாள்லருந்து காணல்ல."

மஸீனா பெட்டி, அலுமாரி எல்லாம் புரட்டிப் பார்த்தார். இல்லை. நடுப்பகல் ளுஹர் தொழுகைக்குப் பாங்கு கேட்டது. "தொழுதுட்டு வந்து திரும்பத் தேடுவம்," என்று அவர் பின்பக்கம் போனார். மழை கூரையில் அறைந்துகொண்டிருந்தது. வேறு புரோகிராம் இந்தக் கிழட்டு மெசினோடு பேசாது. அந்தப் பிள்ளையிடம் எப்படிச் சொல்வது என்று தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

திரைக்கு அடியில் ஏதோ உரசியது.

ஒரு கறுப்பு டிஸ்க், தரையோடு தரையாகத் தள்ளப்பட்டு, என் கால்பக்கம் வந்து நின்றது.

"அட! கிடைச்சிருச்சா தங்கச்சி? எங்க இருந்துச்சு?"

பதில் இல்லை. கூச்சப்படுகிறாள் என்று நினைத்தேன். எடுத்தேன். சில்லென்று இருந்தது. அதன் தகட்டிடுக்கில் சிவப்பு மண். துடைத்துப் போட்டதும் டிரைவின் விளக்கு எரிந்தது, புரோகிராம் திறந்தது, மெசினின் ஊசிகள் ஒருமுறை ஏறி இறங்கின. என்னை மறந்து கையைத் தட்டிவிட்டேன்.

"தங்கச்சி! ஓடுது!"

"என்ன அண்ண, மெய்யாவா?"

குரல் குசினிப் பக்கத்திலிருந்து வந்தது.

"நானும் தாத்தாவும் இங்கதான் தொழுதம். பின்னுக்குத்தான் தண்ணி ஈக்குது," என்றாள் ஷஹ்மா. "டிஸ்க் எங்க ஈந்திச்சி?"

நான் திரைப் பக்கம் திரும்பினேன்.

திரை அசையவில்லை. அதற்கு அடியில், நான் முன்பு பார்க்காத இடைவெளியில், யாரோ நிற்பது போல இருட்டாக இருந்தது.

பிறகு அந்த இருட்டு விலகியது.

நடந்ததைத் தாழ்ந்த குரலில் சொன்னேன். மஸீனா ஓத ஆரம்பித்தார். ஷஹ்மா பின்கதவால் அறைக்குள் போய்ப் பார்த்தாள். யாருமில்லை என்றாள். பிறகு தெளிவாகச் சொன்னாள்: "அது இந்த ஊட்டுல ஈக்க வேணாம் அண்ண. வேற வழி செய்யேலாதா?"

செய்யலாம். சாதாரணமாகப் பிரதி எடுத்தால் சாவி வராது. புள்ளி புள்ளியாகப் பிரதி எடுக்க என்னிடம் ஒரு கருவி உண்டு. அதை வைத்து எடுத்தேன். டிரைவ் முனகிய முனகல் வழக்கமானதாக இல்லை. மூச்சு வாங்குகிற மாதிரி இருந்தது. பிரதி வேலை செய்தது. மெசின் ஒரு மல்லிகைக் கொடியை ஒரு நூல் அறாமல் தைத்து முடித்தது. மஸீனா அழுதார். ஷஹ்மா திரைக்குப் பின்னாலிருந்து, "அல்லாஹ் உங்களுக்கு நல்லது தருவான் அண்ண," என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். போகிற வழியில் அசல் டிஸ்க்கைப் பிங்கா ஓயாவில் வீசினேன். கலங்கிய தண்ணீர் அதை இழுத்துக்கொண்டு போயிற்று. எனக்கு நெஞ்சு லேசானது.

கம்பளைக்கு வந்து தேத்தண்ணீர்கூடக் குடிக்கவில்லை, அதற்குள் மஸீனாவின் அழைப்பு.

"நீங்க போனதும் தங்கச்சி வந்து கதிரைல இருந்தா. மெசின் நிண்டுட்டு."

மறுநாள் போனேன். என் முன்னால் தங்கமாக ஓடியது. திரும்பி வந்தேன், மறுபடி நின்றுவிட்டதாம். இன்னொரு தரமும் அதே கதை. எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. டிரைவை மாற்றினேன், கம்பியை மாற்றினேன், "உனக்கு என்னதாண்டா வேணும்?" என்று மெசினையே கேட்டேன்.

அப்போதுதான் உறைத்தது.

நான் இருக்கும்வரை ஷஹ்மா திரைக்குப் பின்னால் இருந்தாள். நான் போன பிறகுதான் வெளியே வந்தாள். அவள் வெளியே இருக்க நான் ஒருமுறைகூட மெசினைச் சோதித்துப் பார்க்கவில்லை. இத்தா இருக்கும் வீட்டில் அப்படிச் சோதிக்க எவனுக்குத் தோன்றும்?

ஷஹ்மாவைக் கூடத்துக்கு வந்து வந்து போகச் சொல்லிவிட்டு, நான் தெருவுக்கு இறங்கிக் கதவைச் சாத்திக்கொண்டேன். மழைத் தூறலில் நின்று காது கொடுத்தேன். மெசின் தடதடவென்று ஓடியது.

"இப்ப வாறா," என்று மஸீனா உள்ளேயிருந்து கத்தினார்.

மெசின் நின்றது.

"உள்ளுக்குப் போறா."

மெசின் ஓடியது.

இன்னும் ஒருமுறை. அதே மாதிரி. டிஸ்க்கைத் தண்ணீரில் போட்டேன், சரி. அதிலிருந்த ஒவ்வொரு புள்ளியையும் பத்திரமாகப் பிரதி எடுத்துக் கொடுத்ததும் நான்தானே. உயிரோடு இருந்தபோதே மனைவியை மெசின் பக்கம் அண்டவிடாத மனுசன் செத்த பிறகு மட்டும் மாறிவிடுவாரா?

மௌலவி வந்து ஓதிவிட்டுப் போனார். மெசினை மஸீனாவின் சொந்த வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார்கள், அங்கே அது கண்ணே திறக்கவில்லை. கடைசியில் மஸீனா கதிரையில் உட்கார்ந்தார். ஷஹ்மா உள்ளேயிருந்து, எந்த நூல், எந்தப் பூ என்று சொல்லிக்கொடுத்தாள். வேலை குவிந்தது.

இத்தா முடிந்து நெடுநாள் கழித்து, மாத்தளைக்குப் போகிற வழியில் அக்குறணையில் இறங்கினேன். பூத்தையல் வீட்டுத் தங்கச்சியை விசாரித்ததும் ஒரு கடைக்காரர் பாராட்டாகவே சொன்னார்: "அந்தப் புள்ளயா? இன்னும் வெளிய வாறல்ல. புருசன் மேல அவ்வளவு விருப்பம்." நேரே அந்த வீட்டுக்கு நடந்தேன்.

கூடம் பளிச்சென்று மாறியிருந்தது. சுவருக்குப் புது வர்ணம், அலுமாரி நிறையக் கவுன்கள். மஸீனா மெசினில் குனிந்திருந்தார். பச்சைத் திரை மட்டும் அப்படியே இருந்தது.

"தங்கச்சி, வெளிய வாங்க," என்றேன். "மெசின் நாசமாப் போகட்டும். நான் வேற மெசின் தேடித் தர்றேன். உங்க கை எந்த மெசின்லயும் வேலை செய்யும்."

உள்ளே கொலுசு ஒரு தரம் ஒலித்தது. திரையின் ஓரத்தை வெளுத்த விரல்கள் பிடித்தன.

மெசினின் ஓட்டம் தளர்ந்தது.

விரல்கள் அப்படியே நின்றன.

விரல்கள் திரையை விட்டன. மெசின் மறுபடி ஓடியது.

"கலகெதரைக்குப் போனாலும் ஒரு மூலைதான் அண்ண," என்றாள் ஷஹ்மா. அழுதிருக்கிறாள் என்று தெரிந்தது. "இது என்ட உழைப்புல உள்ள மூலை. நீங்க போங்க."

வாசலில் நின்று செருப்பைத் தேடினேன். கண் கலங்கியதில் எதுவும் சரியாகத் தெரியவில்லை.

"போயிட்டு வர்றேன் தங்கச்சி."

"சரி, போயிட்டு வாங்க."

திரைக்குப் பின்னாலிருந்து சொன்னது ஓர் ஆண் குரல். வந்த விருந்தாளியை வீட்டுக்காரர் மரியாதையாக அனுப்பிவைக்கும் குரல். மஸீனா தலையைத் தூக்கவே இல்லை. ஊசிக்கு அடுத்த நூலைக் கோர்த்துக்கொண்டிருந்தார்.