கண் வைக்காத படம்

மாலை ஐந்தே முக்கால். மில் ஓடிய காலத்தில் சங்கு ஊதும் நேரம்.

மில்லுக்கும் லைன் வீடுகளுக்கும் நடுவே எல்லையாக நின்ற சுவர் அது. மில் மூடி மூன்று வருடமாகிறது. கேட்டைக்கூடக் கழற்றி விற்றுவிட்டார்கள். மிஞ்சிய சுவரில், வேலை பார்த்து இறந்துபோனவர்களின் முகங்களைச் சங்கத்துக்காரர்கள் வரையவைத்திருந்தார்கள். எனாமல் வாசமும் நமத்துப்போன பஞ்சின் வாடையும் கலந்து வந்த அந்த நீண்ட சுவரோரம், மகள் ரித்திகாவின் கையைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு முகமாகக் கடந்து, கீதா தன் அக்கா மயிலாத்தாளைத் தேடிப் போனாள்.

அக்கா கடைசியில் இருந்தாள். கண் மட்டும் வைக்கவில்லை. எதிரே ஒரு முக்காலியின் மேல், சுவரைப் பார்த்தபடி, விளிம்பு உடைந்த முகம் பார்க்கும் கண்ணாடி.

ரித்திகா கை நீட்டினாள். விரலைக் கிழித்துக்கொள்வாள் என்று கீதா கண்ணாடியை எடுத்துத் தரையில் கவிழ்த்துவைத்தாள். காலி முக்காலியில் ரித்திகா ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

"இதுதான் பெரியம்மாவா?"

"ஆமா கண்ணு."

பிள்ளையில்லாத அக்கா. ஆஸ்பத்திரியில் கடைசியாகக் கேட்டதும் ரித்திகாவைத்தான். 'எனக்குக் குடுத்துரு அம்மணி.' கீதா மகளைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டாள்.

டீக்கடையிலிருந்து பெயிண்டர் திருமலைசாமி ஏணியோடு வந்தார். கீதா அவரிடம் நடந்தாள்.

"ஏனுங்க, கண்ணு எப்பங்க வெப்பீங்க?"

"விடியால வெச்சுப்போடறனுங்க. கண்ணு வெச்ச படத்தோட மொதப் பார்வை பொல்லாதது. கண்ணாடி மேலதான் உழுகோணும். அதுக்குத்தான் இப்பவே கொண்டாந்து..." நிறுத்தினார். "கண்ணாடிய ஆருங்க எடுத்தது?"

"நாந்தானுங்க. பாப்பா கையக் கிழிச்சுக்குவான்னு."

"செரி உடுங்க. இன்னும் கண்ணே வெக்கலியே. அக்கா எதைக் கொண்டு பாக்கறது?"

சிரித்தபடி சுவரைப் பார்த்தார். சிரிப்பு நின்றது.

கீதா திரும்பினாள்.

அக்காவுக்குக் கண் இருந்தது. ஈரமாக.

திருமலைசாமி தன் பிரஷைத் தொட்டுப் பார்த்தார். காய்ந்திருந்தது.

இடது கண்ணின் வெள்ளையில் எள்ளளவு பழுப்பு மச்சம். அக்காவுக்கு அது கிடையாது. பிறந்த அன்றே கீதா அதைப் பார்த்திருக்கிறாள். மகளின் கண்ணில்.

சுவரிலிருந்து அந்தக் கண்கள் கீதாவைப் பார்த்தன. அம்மாவைப் பார்ப்பதுபோல.

முக்காலியில் ரித்திகா. முதுகு காட்டி. அசையாமல்.

"கண்ணு," என்றாள் கீதா. "அம்மாவைத் திரும்பிப் பாரு சாமி."