எல்லோரும் வரைந்த கைப்பிடி

ஓவிய வாத்தியார் கதவைத் தட்டவில்லை, இடித்தார்.

"சார், என் வீடு ரெண்டுபட்டுக் கிடக்கு. நீங்கதான் காப்பாத்தணும்!"

துப்பறிவாளர் நாற்காலியைக் காட்டினார். வாத்தியார் கொண்டுவந்த காகிதச் சுருளை, துப்பறிவாளரின் மச்சினனும் உதவியாளனுமானவன் அதற்குள் பிரித்துவிட்டான். எதிலும் முந்திக்கொள்வதால் அவனுக்கு 'அவசரம்' என்றே பெயர்.

வாத்தியார் வீட்டு முன்னறையில் பெரியவர்களுக்கு வகுப்பு நடக்கிறது. பொருளை எதிரே வைத்து, பார்த்து வரைய வேண்டும். நேற்று வைத்தது அவர் மனைவி தாய்வீட்டிலிருந்து கொண்டுவந்த பீங்கான் ஜாடி. வகுப்பு முடிந்து மருமகள் அதை உள்ளே எடுத்துப் போனபோது கைப்பிடியைக் காணோம். அவள்தான் உடைத்தாள் என்று மாமியார் எல்லோர் முன்னாலும் திட்டிக் கிழித்துவிட்டார். இன்று மதியம் அவள் பிறந்த வீட்டுக்குப் போகிறாளாம். திரும்பி வரப்போவதில்லையாம்.

"அவளை நம்பத்தான் பாத்தேன் சார். ஆனா வகுப்புல வரைஞ்ச ஏழு பேர் படத்துலயும் கைப்பிடி இருக்கே! அப்ப வகுப்பு முடியற வரைக்கும் உடையலைன்னுதானே அர்த்தம்?"

"அப்ப மருமகதான்!" என்றான் அவசரம்.

"நீ கொஞ்சம் சும்மா இரு" என்ற துப்பறிவாளர் இரண்டு படங்களை எடுத்தார். "இவங்க எங்க உக்காந்திருந்தாங்க?"

"தபால்காரரும் பல் டாக்டரும். தோளோட தோள்."

"ஒருத்தர் கைப்பிடியை வலது பக்கம் போட்டிருக்கார், இன்னொருத்தர் இடது பக்கம்."

வாத்தியார் தலையிலடித்துக்கொண்டார். "பாத்து வரையுங்க, பாத்து வரையுங்கன்னு தொண்டத் தண்ணி வத்தக் கத்தறேனே! எந்தக் கழுதையாவது கேக்குதா?"

"ரப்பர் போட்டுத் தேய்ச்சிருக்கறது எங்கேடா?"

"நிழல்ல" என்றான் அவசரம். "ஏழு படத்துலயும் நிழலைத்தான் அழிச்சு அழிச்சு வரைஞ்சிருக்காங்க."

"விளக்கு எங்க இருந்துச்சு? ஜாடியை வெச்சது யாரு?"

"விளக்கு பக்கவாட்டுல. வெச்சது என் வீட்டுக்காரி. அதை வேற யாரையும் தொட விடமாட்டா. நேத்துதான் தலைவலின்னு மருமகளை எடுத்துவைக்கச் சொன்னா."

"எல்லாரையும் உங்க வீட்டுக்கு வரச் சொல்லுங்க."

மதியம் முன்னறையில் எல்லோரும் கூடினார்கள். மருமகள் வாசலை ஒட்டி நின்றாள்.

"ஜாடின்னா கைப்பிடி இருக்கும்னு எல்லாருக்கும் தெரியும். அதனால யாரும் பாக்கல, தெரிஞ்சதைப் போட்டுட்டீங்க" என்றார் துப்பறிவாளர். "நிழல் எப்படி இருக்கும்னு யாருக்கும் தெரியாது. அதை மட்டும் பாத்துத்தான் வரையணும். கைப்பிடி சுவத்துப் பக்கம் திரும்பியிருந்தாலும் நிழல்ல வளையம் தெரிஞ்சிருக்கும். ஒரு படத்துலயும் இல்ல. வகுப்பு ஆரம்பிக்கறப்பவே கைப்பிடி கிடையாது. ஜாடியை வெச்சவங்களுக்கு அது தெரியாம இருக்காது."

எல்லோரும் மாமியாரைப் பார்த்தார்கள்.

"கழுவும்போது கையோட வந்துடுச்சு" என்றார் அவர். "ஏழு பேர் ரெண்டு மணி நேரம் முறைச்சுப் பாக்கறீங்களே, யாராவது கேப்பீங்க, சொல்லிக்கலாம்னு இருந்தேன். ஒரு ஜென்மமும் கேக்கல! அப்புறம் சொல்ல வாய் வரல."

வாத்தியார் மாணவர்கள் மேல் பாய்ந்தார். "இதுக்குத்தான் தலைபாடா அடிச்சுக்கறேன்..."

"போதும் மாமா" என்றாள் மருமகள். "நேத்து இங்கதான் 'நான் உடைக்கல'ன்னு அழுதேன். நீங்க அந்தப் படங்களைப் புரட்டிப் புரட்டிப் பாத்தீங்க. என் முகத்தை ஒரு தடவை பாத்திருந்தா போதுமே."

அவள் வாசலில் நின்ற வண்டியில் போய் ஏறிக்கொண்டாள்.

மாமியார் செருப்புக்கூடப் போடாமல் பின்னாலேயே ஓடினார்.

"தள்ளி உக்காரு. நானும் வரேன்."

"எதுக்கு?"

"உன் மேல பழி போட்டது ஊருக்கே தெரியும். உடைச்சது நான்னு உங்கம்மாகிட்ட நானே சொல்றேன்."

மருமகள் அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு தள்ளி உட்கார்ந்தாள்.