ஏழாம் இடத்தில் முப்பத்தேழு டிகிரி

சர்வர் பெட்டி காற்றை உள்ளே இழுக்க வேண்டும். முன்பக்கம் கை வைத்தால் உள்ளங்கை குளிர வேண்டும்; சூடெல்லாம் பின்பக்கம் போய்விட வேண்டும். இருபது வருடமாகக் கோகுல்நாத் பார்த்த பெட்டிகள் எல்லாம் அப்படித்தான். ஆனால் இந்தப் பெட்டியின் ஏழாவது இடத்துக்கு முன்னால் மட்டும் காற்று அவர் கையை நோக்கி வந்தது. இளஞ்சூடாக. விட்டு விட்டு.

கையை எடுத்துப் பேண்டில் துடைத்துக்கொண்டார். ஏன் துடைத்தோம் என்று அவருக்கே தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்றரை மணி. வெளியே சோழவந்தான் வெயில் வெற்றிலைக் கொடிக்கால்களின் மேல் வெள்ளையாக நின்றுகொண்டிருந்தது. உள்ளே நுழையும்போது மூக்கில் இருந்த வெற்றிலை வாசமும் ஈர மண் வாசமும், கனத்த கதவு சாத்திக்கொண்டதும் கத்தரித்தது போல நின்றுவிட்டன. ஜன்னல் இல்லாத அறை. பகலா இரவா என்று சொல்ல முடியாத குழல்விளக்கு வெளிச்சம். சூடான பிளாஸ்டிக்கும் பழைய தூசியும் கலந்த வாடை. அதற்கு அடியில், தலையணை உறையில் இருக்குமே, அந்த மாதிரி லேசான எண்ணெய் வாடை. மதுரைப் பக்கத்துக் கைபேசிப் பேச்செல்லாம் இந்த அறை வழியாகத்தான் போய் வந்தது. ஆனால் அறைக்குள் கேட்பது விசிறிகளின் இரைச்சல் மட்டும்தான். பத்து நிமிடம் நின்றால் அந்த இரைச்சலே மௌனம் மாதிரி ஆகிவிடும்.

ஆளுயர இரும்புச் சட்டத்தில், நெஞ்சு உயரத்தில் பெட்டி பொருத்தியிருந்தது. எட்டு இடங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு பிளேடு சர்வர், அலமாரியில் நெருக்கி நிறுத்திய டைரிகள் மாதிரி. ஆறு ஓடிக்கொண்டிருந்தன. ஏழும் எட்டும் காலி. காலி இடத்தைத் திறந்து போட்டால் காற்றோட்டம் கெட்டுப் பக்கத்தில் இருப்பது வெந்துவிடும் என்று, சன்னத் துளைகள் போட்ட டம்மித் தகடுகளை அவற்றில் செருகியிருந்தார்கள். இன்று எட்டாவது இடத்தில் புதிய பிளேடை ஏற்ற வேண்டும். அவ்வளவுதான் வேலை.

ஐந்தரை மணி பஸ்ஸைப் பிடித்தாக வேண்டும். ஏழு மணிக்கு மதுரை ஸ்டேஷனில் கோயம்புத்தூர் ரயிலில் மகள் மீனா வந்து இறங்குகிறாள்.

மனைவி ஸ்ரீலட்சுமி மகளை அழைத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போய் மூன்று வருடம் ஆகிறது. சண்டை என்று ஒன்றுமில்லை. எதற்குக் கூப்பிட்டாலும் வேலை என்று சொல்லும் ஆளோடு எத்தனை நாள்தான் இருப்பாள்? நேற்று மீனாவே போன் செய்தாள், அவர்கள் வீட்டுச் சௌராஷ்டிர பாஷையில். "ஸ்டேஷன் வாசல்ல நிப்பீங்களாப்பா? இந்தத் தடவையும் வேலைன்னா அடுத்த வண்டியிலேயே திரும்பிடுவேன். அப்புறம் கூப்பிட மாட்டேன்." நிற்பேன் என்று அவர் சொன்னபோது நாக்கு தடுமாறியது. திருப்பரங்குன்றத்து வாடகை வீட்டில் அந்தப் பாஷையில் பேச ஆள் கிடையாது. சில ராத்திரிகளில் குக்கரிடம் பேசிப் பார்த்திருக்கிறார்.

ஸ்பீக்கரில் போட்டிருந்த கைபேசி கரகரத்தது. மதுரை கன்ட்ரோல் ரூமிலிருந்து ஜெயபாண்டி. "அண்ணே, இருக்கீங்களா? இல்ல ஏசிக் குளிர்ல தூங்கிட்டீங்களா?"

"இருக்கேன் மாப்ள. ஆரம்பிக்கப் போறேன்."

"எர்த் பேண்ட் கட்டியாச்சா? கட்டலைன்னா கட்டிட்டேன்னு பொய்யாச்சும் சொல்லுங்க, நான் டிக் அடிக்கணும்."

கோகுல்நாத் சிரித்தபடி மணிக்கட்டில் பட்டையைச் சுற்றிக்கொண்டார். உடம்பில் சேரும் மின்சாரம் விரல் வழியாகப் பாய்ந்தால் பிளேடு செத்துவிடும். அதனால் கையில் பட்டை, பட்டையிலிருந்து சுருள் ஒயர், ஒயரின் நுனி பெட்டியின் சட்டத்தில். புதிதாக வருகிற பையன்களுக்கெல்லாம் அவர் சொல்லும் பாடம் ஒன்று உண்டு: 'இதைக் கட்டிட்டா நீயும் அதுவும் ஒரே மட்டம். உனக்கும் அதுக்கும் வித்தியாசம் கிடையாது.'

சட்டத்தில் அதற்கென்று ஒரே ஒரு துளைதான். அதில் ஏற்கெனவே ஒரு பிளக் இருந்தது.

பழைய பிளக். அதிலிருந்து கிளம்பிய சுருள் ஒயர் ஏழாவது டம்மியின் ஓரமாக உள்ளே போயிருந்தது. ஒயரில் ஒரு துண்டு பிளாஸ்திரி. அதில் பால்பாயிண்ட் பேனாவால் 'து.ரா.' என்று எழுத்து. பட்டை காணாமல் போகாமலிருக்க எல்லோரும் பெயர் எழுதிக்கொள்வதுதான். கூட வேலை பார்த்த துளசிராமின் கையெழுத்து அவருக்குத் தெரியும். பிளக்கைப் பிடுங்கிப் பார்த்தார். வரவில்லை. வேர்விட்டது மாதிரி பிடித்துக்கொண்டிருந்தது.

மணி நாலு. தன் ஒயரின் முதலைக் கிளிப்பை அந்தப் பழைய பிளக்கின் கழுத்திலேயே கடிக்க வைத்தார். அவசரத்தில் எல்லோரும் செய்வதுதான்.

கிளிப் கடித்த நொடியில் மணிக்கட்டில் ஏதோ துடித்தது. நாடிதான். ஆனால் அவருடைய நாடியைவிட மெதுவாக.

எட்டாவது டம்மியைக் கழற்றினார். விசிறிகள் சீறி வேகம் பிடித்தன. புதிய பிளேடைத் தண்டவாளத்தில் வைத்துத் தள்ளினார். ரொட்டியை அடுப்புக்குள் தள்ளுகிற மாதிரி வழுக்கிக்கொண்டு போய், கடைசி அங்குலத்தில் பல் பதிந்தது. இரண்டு பக்கத்துக் கொக்கிகளையும் மடக்கினார். பச்சை விளக்கு படபடவென்று சிமிட்டி, பிறகு நிதானத்துக்கு வந்தது.

"எட்டு வந்திருச்சுண்ணே," என்றான் ஜெயபாண்டி. "சூப்பர். ஓடிக்கிட்டிருக்கும்போதே மாட்டுறதுல உங்கள அடிச்சுக்க ஆளில்ல. ஒரு நிமிசம்... ஏழுலயும் ஒண்ணு காட்டுதே?"

"ஏழு டம்மி மாப்ள."

"டம்மிக்கு டெம்பரேச்சர் காட்டுமா? மத்ததெல்லாம் அறுபது, அறுபத்தி ரெண்டு. ஏழு மட்டும் முப்பத்தேழு." அவன் சிரித்தான். "காய்ச்சல் கீய்ச்சல் இல்ல, நார்மல்தான். பேரு வேற போட்டிருக்கு. துளசிராம். உங்க ஆளுதான?"

"ஆமா."

"இந்தப் பெட்டியை மாட்டினதே அவருதான். ரெண்டு வருசம் இருக்குமா? அன்னைக்கு வீட்டுக்குப் போயி பெஞ்சாதிகிட்டத் தமிழ்ல பேசினாராமே. உங்க பாஷையே மறந்துபோச்சுன்னு ஆபீஸே சிரிச்சுச்சு."

கோகுல்நாத் சிரிக்கவில்லை. அவர் போய்ப் பார்த்தவர். கட்டில் ஓரத்தில் துளசிராம் உட்கார்ந்திருந்தான். வீட்டுப் பாஷையில் எது கேட்டாலும், வழி தெரியாத ஊரில் விலாசம் கேட்கப்பட்டவன் மாதிரி ஒரு புன்னகை. எட்டாவது நாள் கிளம்பிப் போனவன், திரும்பவில்லை.

"அந்த ஏழோட அலாரம் நிக்கணும்ணே. இல்லைன்னா வேலையை முடிச்சுத் தர சிஸ்டம் விடாது. டம்மியைக் கழட்டி மறுபடி மாட்டுங்க, போயிரும்."

மணி நாலே முக்கால். கழற்ற இரண்டு நொடி, மாட்ட இரண்டு நொடி. கோகுல்நாத் டம்மியின் கொக்கியில் விரலை வைத்தார். தகரம் வெதுவெதுப்பாக இருந்தது. காய்ச்சல் விட்ட நெற்றி மாதிரி.

இழுத்தார்.

உள்ளே இருட்டு. நாலு விரல் அகலம்தான். பிளேடு போய்ப் பதியும் பின்பக்கத்து முட்கள் தெரிந்திருக்க வேண்டும், தெரியவில்லை. ஆழம் தெரியவில்லை. பழைய சுருள் ஒயர் அந்த இருட்டுக்குள் நீட்டி விட்டது போலப் போயிருந்தது. ஒரு இடம் திறந்திருக்கிறது. விசிறிகள் சீற வேண்டும். சீறவில்லை. ஒவ்வொன்றாக அடங்கின. அறை முழுவதும் அவருக்குத் தெரிந்த வரையில் முதல் தடவையாக ஓசையில்லாமல் போனது.

"மாப்ள?"

கைபேசியின் விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது.

எண்ணெய் வாடை இப்போது நன்றாக அடித்தது. தலையணை உறை வாடை. யாரோ வெகுநாளாகப் படுத்திருக்கும் இடத்தின் வாடை.

பிறகு குரல். சின்னக் குரல். கதவு இடுக்கில் வாய் வைத்துப் பேசுகிற மாதிரி. வீட்டுப் பாஷையில்.

"கோகுலு. தனியாவா வந்தே?"

ஓடியிருக்க வேண்டும். அவர் ஓடவில்லை. மூன்று வருடம் கழித்து நேருக்கு நேர் அந்தப் பாஷையில் ஒருவர் அவரைக் கேள்வி கேட்கிறார். வாய் தானாகப் பதில் சொல்லிவிட்டது. "தனியாத்தான்."

"கையைக் கொடு."

அதற்குப் பிறகுதான் பயம் வந்தது. ஒரு எட்டு பின்னால் வைத்தார். சுருள் ஒயர் நீண்டது. இன்னொரு எட்டு. ஒயர் விறைத்தது. பட்டையைக் கழற்ற நகத்தைக் கொடுத்தார். கொக்கி இல்லை. கொக்கி இருந்த இடத்தில் தோல். பட்டை எங்கே முடிகிறது, மணிக்கட்டு எங்கே தொடங்குகிறது?

துடிப்பு. மெதுவாக. இப்போது அவர் நெஞ்சும் அதே நிதானத்தில்.

ஒரே மட்டம்.

ஒயர் சுருங்கத் தொடங்கியது. கால் டைல்ஸில் வழுக்கியது. மீனா, என்றார். ஏழு மணி, என்றார். விரல் நுனி இருட்டைத் தொட்டது. இருட்டு குளிரவில்லை. உள்ளே இன்னொரு கை.

வெதுவெதுப்பாக.

பிடித்தது.

கண்ணைத் திறந்தபோது வட்ட வட்டமாக வெளிச்சம் தெரிந்தது. சின்னச் சின்ன வட்டங்கள், வரிசை வரிசையாக. துளைகள். துளைகளுக்கு அந்தப் பக்கம் அறை.

அறையில் ஒருவன் முதுகு காட்டி நின்றான். நீலக் கட்டம் போட்ட சட்டை. இன்று காலை கோகுல்நாத் தேய்த்துப் போட்ட சட்டை. பின்மண்டையில் சலூன் கண்ணாடியில் அவர் பார்த்திருக்கிற வழுக்கை. அந்த ஆள் தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். விரல்களை மடக்கினான், நீட்டினான். பிறகு நிதானமாக ஸ்குரூ டிரைவரைப் பையில் போட்டான், கைபேசியை எடுத்தான்.

"முடிஞ்சிருச்சு மாப்ள."

அவர் குரல்.

"அலாரம் போயிருச்சுண்ணே. ஆனா ஏழு இன்னும் முப்பத்தேழுதான் காட்டுது. பேரு மாறியிருக்கே... உங்க பேரா வருது?"

"நான்தான் மாத்தினேன். விடு."

கத்தினார். வாய் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. விசிறிகள் ஓடிக்கொண்டிருந்தன.

கதவு திறந்தது. வெற்றிலை வாசம் ஒரு கணம் உள்ளே வந்தது. காவலாளி சின்னக்கருப்பனின் குரல். "கெளம்பிட்டீகளா சார்? பஸ்ஸு வார நேரந்தேன். வெரசா நடங்க."

"ஆமா, போறேன். மக வாரா."

விளக்கு அணைந்தது. கதவு சாத்திக்கொண்டது. மக வருவது அவனுக்கு எப்படித் தெரியும் என்ற கேள்விக்குக் கோகுல்நாத்துக்கு உடனே விடை கிடைத்தது. ஏனென்றால் இப்போது அவருக்கும் கேட்கத் தொடங்கியிருந்தது. ஒரு முணுமுணுப்பு, பிறகு ஆயிரம். யாரோ மாப்பிள்ளை வீட்டாரிடம் பேசுகிறார்கள். யாரோ அழுகிறார்கள். யாரோ கறி எடுத்து வைக்கச் சொல்கிறார்கள். எல்லாப் பேச்சும் அவருக்குள் நுழைந்து அவரைத் தாண்டிப் போயிற்று. ஒருவராவது நின்று, யார் நீங்கள் என்று கேட்கவில்லை. இரண்டு வருடம் துளசிராம் இதைத்தான் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான். நேற்றைய போனையும். அன்று கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து புன்னகைத்தது அவனில்லை.

எவ்வளவு நேரம் போயிற்றோ. தரை அதிர்ந்தது. ஒரு ரயில் சோழவந்தானைக் கடந்துகொண்டிருந்தது. பெட்டி லேசாக நடுங்கியது, அவர் நடுங்கினார். எத்தனையோ சுவர்களுக்கும் கொடிக்கால்களுக்கும் அந்தப் பக்கம், ஜன்னலோரம் ஒரு பெண் உட்கார்ந்திருப்பாள். அதிர்வு தேய்ந்து மதுரைப் பக்கம் போனது.

கொஞ்ச நேரம் கழித்து அந்த ஆயிரம் குரல்களுக்கு நடுவில் ஒன்று வந்தது. மூச்சு வாங்கிக்கொண்டு, ஸ்டேஷன் சத்தத்துக்கு மேலே, வீட்டுப் பாஷையில்.

"அப்பா, இறங்கிட்டேன். வந்துட்டீங்களா? நிஜமா வந்துட்டீங்களா?"

மீனா, போகாதே. அவருக்குள்தான் அவள் குரல் போய்க்கொண்டிருந்தது. தொடுகிற தூரம். மீனா. மீனா.

"வாசல்லதான் நிக்கிறேன்," என்றது அவர் குரல். அதே பாஷையில், கொஞ்சமும் தடுமாறாமல். "நீல சட்டை. பார்த்தியா?"

அவள் சிரித்தாள். மூன்று வருடத்துக்கு அப்புறம் அந்தச் சிரிப்பு. "பார்த்துட்டேன்! அங்கேயே நில்லுங்க, வரேன்."

செருப்புச் சத்தம். ஓடி வருகிறாள். அவள் மூச்சு போனில் நெருங்கி நெருங்கி வந்தது. அதற்கு எதிரே இன்னொரு மூச்சு, நிதானமாக, மெதுவாக.

"வா," என்றது குரல். "கையைக் கொடு."

இணைப்பு அறுந்தது.