பூட்டில்லாத இணைப்பு

அன்று பிற்பகல் அந்தக் கூடத்தில் இருந்தவர்கள் இவர்கள்தாம்: ஓய்வுபெற்ற சிறைக் கண்காணிப்பாளரான பெரியவர், அவருடைய மகன், மருமகள், பேத்தி சிட்டு, யாரும் கூப்பிடாமல் மேலே ஏறி வந்த கீழ்வீட்டுத் தையல்காரர். தாங்களும் இருந்ததாகச் சொல்லிக்கொள்கிறவர்களை எல்லாம் உட்கார வைத்தால் அந்தக் கூடம் கொள்ளாது. பார்க்காததைப் பார்த்ததாகச் சொல்ல இந்தக் காலத்து ஜனங்களுக்குச் சொல்லித்தரவா வேண்டும்.

பெரியவர் மகன் வீட்டுக்கு வந்ததே மருமகள் போனில் அழுததால்தான். பழைய கட்டடம். மூன்றாம் மாடிக்குப் படியேறித்தான் போகவேண்டும். படிக்கட்டில் பகலிலேயே விளக்குப் போட்டாக வேண்டும். ஈரச் சுண்ணாம்பின் வாடை மூக்கைப் பிடித்தது. மகனுடைய வாசலுக்கு நேர் எதிரே இன்னொரு வீடு பூட்டிக் கிடந்தது. வாழ்நாளெல்லாம் பூட்டுகளோடு குடித்தனம் நடத்தியவர் ஆதலால் அவர் கண் முதலில் அங்கேதான் போயிற்று. பூட்டு துருவேறிப் புடைத்திருந்தது. கதவின் கைப்பிடி மட்டும், தினமும் யாரோ பிடிப்பதுபோல் பளபளவென்று இருந்தது.

"யார் இருக்காங்க அங்க?"

"யாரும் இல்லப்பா. நாங்க வர்றதுக்கு முன்னாடியே பூட்டிக் கிடக்கு," என்றான் மகன், அவருடைய பெட்டியைத் தூக்கிக்கொண்டு மூச்சிரைக்க.

விஷயம் இதுதான். ஒன்பது வயதுச் சிட்டுவுக்குப் பாடம் படிக்க என்று ஒரு டேப்லெட் வாங்கிக் கொடுத்திருந்தார்கள். வாங்கிக் கொடுக்கத் தெரிந்தவர்களுக்குக் கண்காணிக்கத் துப்பில்லை. மகன் வீட்டு வைஃபைக்குப் பாஸ்வேர்டு போட்டுவிட்டு, கோட்டை கட்டிய ராஜா மாதிரி நிம்மதியாகத் தூங்கினான். முன்வாசலைப் பூட்டிவிட்டு மூன்று பக்கமும் சுவரே எழுப்பாத ராஜா. சிட்டு குளியலறை ஜன்னலோரம் உட்கார்ந்தால் எதிர்ச்சாரிப் பல் மருத்துவரின் வைஃபை கிடைத்தது. சமையலறை மூலையில் தையல்காரருடையது கிடைத்தது. எதற்கும் பூட்டுக் கிடையாது. கேட்பாரில்லாத தெருக்குழாய்போல் எல்லாம் திறந்து கிடந்தன.

"யார்கிட்டயோ பேசிக்கிட்டே இருக்கா மாமா," என்றாள் மருமகள். "கேட்டா அக்காங்கறா. எந்த அக்கான்னா வாயைத் திறக்க மாட்டேங்கறா. நேத்து அந்த அக்கா, சிட்டு தனியாப் படுக்கறாளா, கட்டில் எந்தப் பக்கம் கிடக்குன்னெல்லாம் கேட்டாளாம்."

பெரியவர் மகனை ஏற இறங்கப் பார்த்தார். "அடுத்தவன் ஜன்னல்ல கைநீட்டி வாங்கித் தின்ற புத்தி நம்ம வீட்டுக்கு எப்படா வந்துச்சு?"

"குழந்தைதானேப்பா."

"குழந்தையச் சொல்லல."

மறுநாளே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். கெஞ்சிக் கேட்பது அவர் பரம்பரையில் கிடையாது; உத்தரவு போடுவதுதான் வழக்கம்.

"காத்திருக்கறவங்களுக்குப் பொழுது போகணும் சார்," என்று இழுத்தார் பல் மருத்துவர்.

"பல்வலியோட வந்தவனுக்கு எதுக்குய்யா பொழுதுபோக்கு? பூட்டுப் போடு."

தையல்காரர் தலையைச் சொறிந்தார். "பாஸ்வேர்டெல்லாம் நமக்கு ஞாபகம் இருக்காதுங்க."

"தெருவுல இருக்கறவன் இடுப்பளவெல்லாம் ஞாபகம் இருக்குல்ல? அதுல ஒண்ணைப் போடு."

இப்படி ஒவ்வொன்றாக அடைத்தார். கடைசியில் டேப்லெட்டின் திரையில் ஒன்றே ஒன்று மிஞ்சியது. அதற்குப் பூட்டு இல்லை. பெயரும் இல்லை, பெயர் இருக்கவேண்டிய இடம் வெறுமையாகக் கிடந்தது. வீட்டில் எந்த மூலைக்குப் போனாலும் முழு வலுவோடு வந்தது.

"இதையும் யாருதுன்னு பார்த்து அடைச்சிடலாம்ப்பா," என்றான் மகன்.

"அடைக்கக் கூடாது. எல்லா ஓட்டையையும் அடைச்சா எலி புதுசா ஒண்ணு போடும். ஒண்ணை மட்டும் விட்டுவெச்சுப் பக்கத்துல உட்காரணும். ஜெயில்ல கடிதம் கடத்தினவனை எல்லாம் நான் அப்படித்தான் பிடிச்சேன். எதிர்வீட்டுக்குள்ள எவனோ ஒரு பொறுக்கி திருட்டுத்தனமா ஒண்டிக்கிட்டு இருக்கான். வருவான் பாரு."

எலிப்பொறியை எலிக்குத்தான் வைக்கவேண்டும் என்பதை அவருக்கு அங்கே யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் காதில் போட்டுக்கொண்டிருக்க மாட்டார்.

அன்று பிற்பகல் வானம் கறுத்துக் கிடந்தது. மழையும் வரவில்லை, காற்றும் இல்லை. திடீரென்று மின்சாரம் போயிற்று. விசிறி இரண்டு சுற்றுச் சுற்றி நின்றது. தெரு முழுவதும் ஒரே நேரத்தில் வாயடைத்ததுபோல் இருந்தது. தையல் இயந்திரம் நின்றுபோனதால், தைத்த கால்சட்டையைக் கொடுக்கும் சாக்கில் தையல்காரர் மேலே வந்து சேர்ந்தார். கால்சட்டையைக் கொடுத்த பிறகும் போகவில்லை. ஊர்வம்பு கிடைக்கும் இடத்தில் அவர் கால் ஊன்றிவிடும்.

சோபாவில் சிட்டுவின் மடியில் டேப்லெட் ஒளிர்ந்தது.

மகன் எட்டிப் பார்த்தான். அவன் முகம் மாறியது.

"அப்பா," என்றான் மெல்ல. "கரண்ட் இல்லன்னா ரௌட்டர் எதுவும் ஓடாது. நம்மது போயிடுச்சு. டாக்டரோடது போயிடுச்சு. இவரோடதும் போயிடுச்சு."

பெயரில்லாதது மட்டும் இருந்தது.

முழு வலுவோடு.

"அப்ப அது எங்கேருந்துங்க வருது?" என்றார் தையல்காரர்.

திரையில் ஒரு வரி வந்து விழுந்தது: தாத்தா பக்கத்துல இருக்காரா?

"அணைச்சிடுங்க மாமா," என்று கிசுகிசுத்தாள் மருமகள். "போதும். குழந்தைய உள்ள கூட்டிட்டுப் போயிடறேன்."

அணைத்திருக்கலாம். ஆனால் தையல்காரர் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கால்சட்டை தைக்கிறவன் எதிரே பெரியவர் பின்வாங்குவதா? நாளைக்குக் கடைக்கு வருகிறவனெல்லாம் சிரிப்பான். அவர் டேப்லெட்டை வாங்கி ஒற்றை விரலால் எழுத்தெழுத்தாகக் குத்தினார்.

முகத்தைக் காட்டத் துணிவில்லாத நாயே. நல்ல குடும்பத்தில் பிறந்திருந்தால் என் வீட்டுக்கு நேரில் வா.

விரலை எடுக்குமுன் பதில் வந்தது.

வீட்டுப் பெரியவங்க கூப்பிடாம எப்படி வர்றது? இதுக்குத்தான் இத்தனை நாளாக் காத்திருந்தேன். கதவைத் திறங்க.

"வேணாம்ப்பா," என்றான் மகன்.

பெரியவர் அவனைப் புழுவைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு எழுந்தார். முதுகு வளையாமல் நடந்து தாழ்ப்பாளை விலக்கிக் கதவை அகலத் திறந்தார்.

வெளியே யாரும் இல்லை.

எதிர்வீட்டுப் பூட்டு தொங்கிய இடத்திலேயே தொங்கியது. படிக்கட்டில் காலடிச் சத்தம் இல்லை. ஆனால் ஈரச் சுண்ணாம்பு வாடை போய், வெகுநாள் மூடிக்கிடந்த பெட்டியைத் திறந்தால் வருவதுபோல் ஒரு வாடை முகத்தில் அடித்தது. ஒரு குளிர், கணுக்காலை உரசிக்கொண்டு, அவரைக் கடந்து போனது.

அவர் படிக்கட்டை எட்டிப் பார்த்தார். பிறகு, "கோழைப் பயல்," என்று உரக்கச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தித் தாழிட்டார். திரும்பித் தையல்காரரைப் பார்த்து, "பார்த்தியா? இவ்வளவுதான் இவனுங்க வீரம்," என்றார்.

தையல்காரர் அவரைப் பார்க்கவில்லை. சோபாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சிட்டு கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள்.

பக்கத்தில் ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு இடம்விட்டு.

அந்த இடத்தில் மெத்தை மெல்ல அமிழ்ந்தது.

மருமகள் வாயைப் பொத்திக்கொண்டாள். தையல்காரர் செருப்பைக்கூட மாட்டாமல் தாழ்ப்பாளை விலக்கிக்கொண்டு படியிறங்கினார். அவர் ஓடிய வேகத்தை அவர் யாரிடமும் சொல்வதில்லை.

"சிட்டு," என்றார் பெரியவர். அவருடைய குரல் அவருக்கே கேட்கவில்லை. "இங்க வா கண்ணு. தாத்தாகிட்ட வா."

சிட்டு வரவில்லை. அவர் சோபாவில் வைத்துவிட்டுப் போன டேப்லெட்டை எடுத்து அவரிடம் நீட்டினாள். திரையில் இப்போது எந்த இணைப்பும் இல்லை, பெயரில்லாததும் இல்லை.

"இனிமே இது வேணாம் தாத்தா," என்றாள் சமர்த்தாக. "அதான் நீங்களே கூப்பிட்டுட்டீங்களே."

பெரியவர் தம் ஊருக்குத் திரும்பிப் போகவில்லை. சிட்டுவின் அறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். உள்ளே இருப்பவன் வெளியே போகாமல் காப்பது எப்படி என்று அவருக்கு அத்துபடி. உள்ளே வந்துவிட்டதை வெளியே அனுப்பும் வித்தையை எந்தச் சிறையும் அவருக்குக் கற்றுத்தரவில்லை.

இதற்கிடையே, அந்தக் குழந்தை இன்னமும் திருட்டு வைஃபையில் யாரோடோ மணிக்கணக்காகப் பேசுகிறாள், வீட்டார் கண்டுகொள்வதில்லை என்று தையல்காரர் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லித் திரிகிறார். சுத்தப் பொய். அந்த வீட்டில் இணைப்பைத் துண்டித்து மாதக்கணக்காகிறது. டேப்லெட்டைப் பெரியவரே சுத்தியலால் உடைத்துக் குப்பையில் போட்டார். குழந்தை பேசுவது உண்மை. இடையிடையே நிறுத்தி, தலையாட்டிக் கேட்டுக்கொள்வதும் உண்மை. அவள் கையில் ஒரு கருவியும் கிடையாது.