குல்சுமும் கடகடத்த காரும்

கராஜ் வாசலில் நின்ற காருக்குள் ஏறி நான்கு கதவுகளையும் பூட்டிக்கொண்டாள் உம்மு குல்சும். "நான் இறங்கமாட்டன்" என்று உள்ளிருந்தே சொன்னாள். வயது பதினொன்றுதான். பிடிவாதத்தில் மட்டும் கிண்ணியாவில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது.

அவளுடைய வாப்பா முஹம்மது தம்பி வாடகைக்கு ஓட்டும் பழைய மொறிஸ் மைனர் அது. பள்ளத்தில் இறங்கினால் போதும், முன்பக்கம் 'கடக் கடக்' என்று அடிக்கும். சக்கரத்தைத் தாங்கும் இரும்புகள் ஒன்றோடொன்று முட்டாமல் நடுவில் ஒரு றப்பர் வளையம் இருக்கும். அதற்குப் பெயர் புஷ். அது நைந்தால் இரும்பும் இரும்பும் மோதிக்கொள்ளும். துறையடியில் கராஜ் வைத்திருந்த கனகரத்தினம் அந்த வருடத்தில் மட்டும் மூன்று தடவை முன்பக்கப் புஷ்ஷை மாற்றிவிட்டார். ஒவ்வொன்றும் இரண்டே மாதத்தில் கூழாகிப்போனது.

"இன்னும் ஒரு சோடிதான் கிடக்கு. வெளிநாட்டுச் சாமான் வாறதையும் நிப்பாட்டிப்போட்டாங்கள். அதையும் இந்த வண்டிக்குப் போட்டு நாசமாக்க ஏலாது" என்று அன்று காலை அவர் கையை விரித்துவிட்டார். வாப்பாவும் மனம் உடைந்து, திங்கட்கிழமை வரும்படி பழைய இரும்பு வியாபாரிக்குச் சொல்லி அனுப்பிவிட்டார்.

கார் போனால் குல்சுமின் படிப்பும் போய்விடும். பள்ளிக்கூடம், வாகனங்களைத் தெப்பத்தில் ஏற்றிக் கடத்தும் துறைக்கு அந்தப் பக்கம், திருகோணமலை நகரத்தில் இருந்தது. வாப்பா காரில் கொண்டுபோய் விடுவதால்தான் உம்மா சம்மதித்திருந்தாள். பஸ்ஸில் தனியாக அனுப்பமாட்டாள். அதை நினைக்க நினைக்கக் குல்சுமுக்குக் கோபம் பொங்கியது.

வாப்பா அதட்டிப் பார்த்தார், கெஞ்சியும் பார்த்தார். ஒன்றும் பலிக்கவில்லை. பிறகு வழக்கம்போல எண்ணெய்க் குவளையை எடுத்துக்கொண்டு சக்கரத்தடியில் குனிந்தார். அன்று வெள்ளிக்கிழமை. கார் வாங்குமுன் பத்து வருடம் கடலில் மெஷின் படகு ஓட்டியவர் அவர். உப்புக்காற்றில் எண்ணெய் படாதது எதுவும் உருப்படாது என்பது அவர் நம்பிக்கை. வெள்ளிதோறும் காரின் முன்பக்கத்தில் ஓர் இடம் விடாமல் எண்ணெய் விடுவார்.

விற்கப்போகிற வண்டிக்கும் எண்ணெய் விடும் மனிதரைப் பார்த்துக் குல்சுமுக்குச் சிரிப்பு வந்தது. சட்டென்று சிரிப்பை நிறுத்திக் கண்ணாடியை இறக்கினாள்.

"வாப்பா, பின்பக்கத்துப் புஷ்ஷை எத்தின தரம் மாத்தினீங்க?"

"ஒருதரமும் இல்ல, இன்னும் நல்லாத்தான் இருக்கு. அது உள்ளுக்குக் கிடக்கு மகள், கை எட்டாது."

"அப்ப உங்கட எண்ணெயும் எட்டாதுதானே?"

பக்கத்தில் நின்ற கனகரத்தினம், சின்னப்பிள்ளைக் கதை என்று சிரித்தார். எண்ணெய் போட்டுத் தன் படகில் எதுவும் கெட்டதில்லை என்று வாப்பா கோபித்துக்கொண்டார்.

"அது இரும்பு, வாப்பா. இது றப்பர்" என்றாள் குல்சும்.

புத்தகப் பையிலிருந்து புத்தம்புது அழிறப்பரை எடுத்து இரண்டாக வெட்டினாள். ஒரு துண்டை ஒரு மூடியில் வைத்து அதே எண்ணெயை ஊற்றும்படி வாப்பாவிடம் நீட்டினாள். மற்றதைத் தண்ணீரில் போட்டாள். ஞாயிற்றுக்கிழமை வரை யாரும் காரைத் தொடக்கூடாது என்று கட்டளை போட்டுவிட்டு, சாவியோடு இறங்கிப் போனாள்.

ஞாயிறு காலை தண்ணீரில் கிடந்த துண்டு போட்டபடியே இருந்தது. எண்ணெயில் கிடந்ததோ ஊதிப்போய், நகம் பட்டதும் பிய்ந்து வந்தது. கனகரத்தினம் அதை விரலால் நசுக்கிப் பார்த்தார். அவர் முகம் சுருங்கியது.

"மூண்டு தரமும் என்ர கையாலதான் மாத்தினனான். எனக்கு விளங்கேல்லையே" என்று சொல்லிவிட்டு, கடைசிச் சோடியை எடுத்துவரப் போனார்.

பழைய எண்ணெயைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிய பிறகே புதுப் புஷ்ஷைப் பூட்டினார். காரை ஜாக்கிலிருந்து நிலத்துக்கு இறக்கிவிட்டுத்தான் கடைசி நட்டை இறுக்கினார். சக்கரம் தொங்கும்போது இறுக்கினால், இறக்கியதும் றப்பர் முறுகிக் கிழிந்துவிடுமாம். வாப்பாவின் கை எண்ணெய்க் குவளையைத் தேடியது. மகள் பார்த்த பார்வையில் அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

திங்கட்கிழமை காலை இரும்பு வியாபாரி வந்து வீட்டு வாசலில் நின்று, கார் எங்கே என்று கேட்டார்.

"பள்ளிக்கூடம் போயிட்டுது" என்றாள் உம்மா. "பின்னேரம் வரும். வந்தாலும் தரமாட்டம்."