நாலாம் பெட்டியின் குறிப்பு

"நான் தப்புப் பண்ணினேனா இல்லையான்னு எனக்கே தெரியல சார்" என்றாள் ஆராய்ச்சி மாணவி, நாற்காலியில் உட்காரும் முன்பே. "ஊசியை மாத்திப் போட்டுட்டேன்னு நாலு மணிக்குள்ள துறைத் தலைவருக்கு எழுதித் தரணுமாம். எழுதினா அஞ்சு வருஷ உழைப்பு போச்சு."

துப்பறிவாளர் தலையசைத்தார். அவருடைய மைத்துனர் உற்சாகமாகக் குறிப்பேட்டைத் திறந்தார். விவகாரம் பாம்பைப் பற்றியது என்று தெரிந்ததும் காலிரண்டையும் மெல்லத் தூக்கி நாற்காலி மேல் வைத்துக்கொண்டார்.

பாம்புக்குத் தன் உடம்பைத் தானே சூடாக்கிக்கொள்ளும் சாமர்த்தியம் கிடையாது. சூடுள்ள இடத்தைத் தேடிப் போக வேண்டும். ஒரு பெண் ஹார்மோனைச் செலுத்தினால் அந்தத் தேடல் கூடுமா என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. ஆறு நீளப் பெட்டிகள். ஒரு முனையில் சூட்டுத் தகடு, மறுமுனை குளிர்ச்சி. காட்டிலிருந்து வந்த ஆறு பெண் பாம்புகள், குட்டி போடும் இனம். முதல் மூன்றுக்கு ஹார்மோன். மற்ற மூன்றுக்கு வெறும் உப்புத் தண்ணீர். ஆனால் நாலாவது பத்து நாளாகத் தகட்டை விட்டு நகரவில்லை.

"தலைவர்தான் மாத்தியிருக்காரு!" என்றார் மைத்துனர், ஆய்வுக்கூடத்துக்குள் நுழையும்போதே. அரை மணியில், பாம்புகளுக்கு இரை போடும் பராமரிப்பு அம்மாள் மேலும் சந்தேகம் வந்தது. அப்புறம் மாணவி மேலேயே வந்தது. அவருக்குத் தலை கிறுகிறுத்தது.

துப்பறிவாளர் மருந்துப் புட்டியை அளந்தார். மூன்று ஊசிக் கணக்குக்கு மேல் ஒரு சொட்டுகூடக் குறையவில்லை. பிறகு பராமரிப்பு அம்மாளின் தினக் குறிப்பைப் புரட்டினார். 'ஒன்று, தண்ணீரில் கிடந்தது. ஐந்து, தண்ணீரில் கிடந்தது. நாலு, இரை தொடவில்லை. முழுகாமல் இருக்கிறது.'

"நாலுல மட்டும் ஏன் இவ்வளவு பெரிய தண்ணித் தொட்டி?"

"அந்தக் குறிப்பைப் படிச்சுட்டு நான்தான் மாத்தினேன் சார். பழைய கிண்ணம் பத்தலையோன்னு" என்றாள் மாணவி.

துப்பறிவாளருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காரணம் புரியாத மைத்துனருக்கு எரிச்சல் வந்தது.

நாலு மணிக்கு எல்லோரும் பெட்டிகளைச் சுற்றி நின்றார்கள். துறைத் தலைவர் கையில் காகிதம் தயாராக இருந்தது.

"ஊசி மாறியிருந்தா, மருந்து கிடைக்காத ஒண்ணு குளிர்ப் பக்கம் கிடக்கணும்" என்றார் துப்பறிவாளர். "முதல் மூணும் சூட்டுலதான் கிடக்கு. புட்டியிலயும் கணக்குக்கு மேல குறையல."

"அப்ப நாலாவதுக்கு எங்கேருந்து வந்துச்சு? மந்திரமா?" என்றார் தலைவர்.

"அத்தான், எனக்கும் அதேதான் புரியல" என்றார் மைத்துனர்.

"அந்த ஹார்மோன் இயற்கையா எப்பம்மா அதிகமா ஊறும்?" என்று மாணவியைக் கேட்டார் துப்பறிவாளர்.

"கர்ப்..." மாணவி பாதியில் நிறுத்தினாள்.

"மத்ததுக்கெல்லாம் 'தண்ணீரில் கிடந்தது'ன்னு எழுதின கை, இதுக்கு மட்டும் ஏன் 'முழுகாமல்'னு எழுதணும்? நீங்களே படிச்சுக் காட்டுங்கம்மா."

பராமரிப்பு அம்மாள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். "நாலு முழுகாம இருக்கு. மாசமா இருக்குன்னுதான் எழுதினேன். சாப்பாடு இறங்கல, பின்வயிறு வேற கனத்துப்போச்சு. மூணு பெத்தவளுக்கு இது தெரியாதா?"

"இங்க தனியாத்தானே இருக்கு?" என்றார் தலைவர்.

"காட்டுலேருந்து வரும்போதே சுமந்துக்கிட்டு வந்திருக்கு சார்!" என்றாள் மாணவி.

உடனே வரவழைத்த மிருக வைத்தியர் ஸ்கேன் கருவியை வைத்துப் பார்த்தார். பதினொரு குட்டிகள். மைத்துனர் மேசை மேலேயே ஏறிவிட்டார்.

தலைவர் காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "ஏம்மா, இதை முன்னாடியே சொல்லக் கூடாதா?"

"எழுதித்தானே வெச்சேன்? யாரு என்னைக் கேட்டீங்க?"

மாணவி தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பத்து நாளாக நம்பாமல் இருந்த கைகள். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

"அழுவறது அப்புறம் இருக்கட்டும் பாப்பா" என்றாள் பராமரிப்பு அம்மாள். "முதல்ல அந்தத் தொட்டியை வெளியில எடு. குட்டிங்க விழுந்துடப் போகுது."