கொட்டாஞ்சேனையில் ஒரு சூப்பர்சார்ஜர்

"அதை எடுக்காதேங்கோ மிஸ்..."

சாருஜா திடுக்கிட்டுத் திரும்பினாள். பஞ்சிகாவத்தையில் ரிப்கானின் பழைய கார் உதிரிப்பாகக் கடை. வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. வாசலில் நனைந்த சட்டையோடு நின்றவனின் கண்கள் அவள் கையிலிருந்த டர்போவை, எஞ்சினுக்குள் காற்றைத் திணித்து வலுவைக் கூட்டும் அந்தச் சாமானை, பார்த்தன... பிறகு அவள் முகத்துக்கு வந்தன... அங்கேயே நின்றுவிட்டன.

"ஏன், உங்களுக்கு வேணுமோ?"

"எனக்கு வேண்டாம். நடுவில இருக்கிற தண்டைப் பிடிச்சு ஆட்டிப் பாருங்கோ."

ஆட்டினாள். ஆடக்கூடாத அளவுக்கு ஆடியது. ரிப்கான் அவசரமாகக் கூரையைப் பார்த்தார்.

நன்றி சொல்ல வாயெடுத்தாள். சொல்லவில்லை. இந்தக் கடைகளில் பெண்ணுக்கு இலவசமாக ஆலோசனை சொல்ல ஆண்களுக்குப் பஞ்சமே இல்லை. ஒவ்வொருவனுக்கும் ஏதோ ஒன்று வேண்டும். இவனுக்கு என்ன வேண்டும்?

"வெளியில நிக்கிற சிவப்புக் கார் உங்கடதானே? அதுக்கு சூப்பர்சார்ஜர் போடுங்கோ. எஞ்சின்ட பெல்டே அதைச் சுத்தும். பெடலை மிதிச்ச உடனே இழுக்கும். டர்போ எண்டா எஞ்சின்ட புகை வந்து அதைச் சுத்துமட்டும் காத்துக்கொண்டிருக்கோணும். காலி வீதி நெரிசலில ஆர் காத்திருக்கிறது?"

"என்ட கார் எண்டு எப்பிடித் தெரியும்?"

"கையெல்லாம் கிறீஸோட நிக்கிறது நீங்கள் மட்டும்தானே."

சிரிப்பு வந்தது. உதட்டைக் கடித்து அடக்கினாள்.

"நான் நெரிசலில ஓடுறது குறைவு. கிழமைக்கு ரெண்டு தரம் மாத்தறைக்கு ஓடுறனான், அதிவேகப் பாதையில."

அவன் ஒரு கணம் தயங்கினான். அந்தத் தயக்கம் அவள் மனதில் முள்ளாகக் குத்தியது.

"அப்பவும்... சூப்பர்சார்ஜர்தான். கொட்டாஞ்சேனையில சிநேகிதன் ஒருத்தனிட்ட ஒண்டு இருக்கு. சனிக்கிழமை வாறீங்களோ? என்ட பேர் ராகுலன்."

அவளும் தன் பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் சொன்னாள்.

சாருஜா ஒன்றும் விளங்காதவள் இல்லை. மாத்தறைத் தொழிற்சாலை ஒன்றில் இயந்திரப் பொறியியலாளர். வெள்ளவத்தைத் தொடர்மாடிக்குத் திரும்பி, கடுதாசியும் பேனையுமாக உட்கார்ந்தாள். நீண்ட ஓட்டத்தில், எஞ்சின் வேகமாகச் சுற்றும்போது, வலுவைக் கொட்டுவது டர்போதான். சூப்பர்சார்ஜரோ எஞ்சினின் வலுவில் ஒரு பங்கைத் தானே தின்றுவிடும். வெள்ளிக்கிழமை முடிவாயிற்று... டர்போ.

ஆனாலும் சனிக்கிழமை பொட்டை இரண்டு தரம் திருத்திக்கொண்டு கொட்டாஞ்சேனைக்குப் புறப்பட்டாள். ஏன் என்று தன்னையே கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும்...

ராகுலனின் சிநேகிதன், கராஜ்காரன் ரொனி, இருவரையும் ஒன்றாகக் கண்டதும் கையைத் தட்டினான்.

"மச்சான், கடைசியில உன்ட சாமானுக்கு ஆள் புடிச்சிட்ட!"

ராகுலனின் முகம் வெளிறியது.

"ஆற்ற சாமான்?" என்றாள் சாருஜா.

"இவன்டதான் மிஸ். இவன்ட பழைய கார்ல இருந்தது. ஆறு மாசமா என்ட மூலைய அடைச்சிட்டுக் கிடக்கு."

காது இரண்டும் சூடேறின. சந்தேகப்பட்டது சரி! அப்படியானால் அந்தப் பார்வை...? அதுவும் சாமானைத் தள்ளிவிட எடுத்ததுதானா?

"சாருஜா, ஒரு நிமிசம்..."

அவள் நிற்கவில்லை. சிவப்புக் கார் சந்தியைத் தாண்டும்போது கண் கலங்கி வீதி மங்கியது. ஏமாற்றியவன்மேல் கோபம். பொட்டுத் திருத்திய தன்மேல் அதைவிடக் கோபம்.

நான்கு நாள் அவனுடைய செய்திகள் வந்துகொண்டே இருந்தன. ஒன்றுக்கும் பதில் போடவில்லை. ஐந்தாம் நாள் மாலை, ரிப்கானிடம் விலாசம் கேட்டுக்கொண்டு வந்து, தூறலில், தொடர்மாடி வாசலில் அவளுடைய காருக்குப் பக்கத்தில் குடையில்லாமல் நின்றான்.

"இண்டைக்கு என்ன விக்க வந்தனீங்கள்?"

"அது போயிட்டுது. ஹெந்தளையில ஒருத்தர் வாங்கிட்டார். இனி உங்களிட்ட விக்க என்னட்ட ஒண்டுமில்லை. அதுக்குப் பிறகு சொன்னாத்தான் நம்புவீங்கள் எண்டு இருந்தனான்... உங்களுக்கு டர்போதான் சரி."

"தெரிஞ்சுகொண்டே ஏன் மாத்திச் சொன்னனீங்கள்?"

அவன் தலையைக் குனிந்தான். நெற்றியிலிருந்து நீர் சொட்டியது.

"முதல் விக்கிறதுக்குத்தான் கதைச்சனான். இனி ஒளிக்கமாட்டன், அது உண்மை. மாத்தறை எண்ட உடனே டர்போ எண்டு சொல்லியிருக்கோணும். சொன்னா நீங்கள் போயிருப்பீங்கள்... பிறகு உங்களை எங்க காணுறது? விருப்பம் சாருஜா... அவ்வளவுதான்."

அந்தக் கண்களில் எங்காவது ஒரு நெளிவு இருக்கிறதா என்று தேடினாள். நெடுநேரம் தேடினாள். பயம் மட்டும்தான் இருந்தது.

"டர்போதான் எண்டு எனக்கு முதலே தெரியும். வெள்ளிக்கிழமையே முடிவெடுத்திட்டன்."

ராகுலன் நிமிர்ந்தான். "அப்ப... சனிக்கிழமை ஏன் வந்தனீங்கள்?"

மழை வலுத்தது. அவள் காரின் மற்றப் பக்கக் கதவைத் திறந்துவிட்டாள்.

"அண்டைக்குச் சூப்பர்சார்ஜரை நான் திரும்பியும் பாக்கேல்ல... உங்களைத்தான் பாக்க வந்தனான். அதைக்கூடக் கவனிக்கேல்லயோ?"